வாக்னர் அனுப்பிய 10 டாலர் செக்

1991 மார்ச்சில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் ஒரு பேஸ்பால் கார்டு 4,51,000 டாலருக்குப் போனது. அகலம் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஒரு காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் செருகித் தந்த துண்டு அட்டை அது. வாங்கியவர் பேஸ்பால் ஆட்டக்காரர்கூட இல்லை. ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பெயரான வெய்ன் கிரெட்ஸ்கி, அப்போது தான் ஆடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியின் முதலாளி புரூஸ் மெக்நாலோடு சேர்ந்து அதை வாங்கினார். அன்று தொடங்கி இன்றுவரை அந்த அட்டைக்கு 'கிரெட்ஸ்கி வாக்னர்' என்றே பெயர்.

அட்டையில் இருக்கும் முகம் ஹோனஸ் வாக்னருடையது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், வளைந்த கால்கள், 8 முறை தேசிய லீக்கின் மட்டையடிப் பட்டம். 1936இல் பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான 5 பேரில் ஒருவர்.

பணம் படைத்த விளையாட்டு வீரர்கள் பழைய பேஸ்பால் கார்டுகளை வாங்கிச் சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துவருகிறேன். கார் வாங்குகிறார்கள், கடிகாரம் வாங்குகிறார்கள், அதுபோல இதுவும் ஒன்று என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாங்களே கார்டில் அச்சானவர்கள் இன்னொரு ஆட்டக்காரனின் கார்டைத் தேடிப் போகிறார்கள். அப்படித் தேடிப் போகும்போது, ஓர் ஆட்டக்காரனின் முகம் யாருக்குச் சொந்தம், அதை விற்றுக் காசு பார்க்கும் உரிமை யாருக்கு என்ற நூறு வருடப் பழைய கேள்வி அந்த அட்டையோடு கூடவே வருகிறது. வாக்னர் கார்டின் விலையே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

கார்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சின்ன வயதில் ட்ரம்ப் கார்டு ஆடியிருந்தால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. வாக்னர் காலத்தில் பின்பக்கம் கணக்கு கிடையாது, சிகரெட் விளம்பரம்தான். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி பீட்மான்ட், ஸ்வீட் கேப்பரல் முதலிய தன் சிகரெட் பாக்கெட்டுகளில் இந்த அட்டைகளைப் போட்டது. மெல்லிய பாக்கெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை தேவைப்பட்டது. அதில் படம் இருந்தால் அடுத்த படத்துக்காக அடுத்த பாக்கெட்டும் விற்கும். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட இந்தத் தொகுப்பைத்தான் சேகரிப்பாளர்கள் 'டி206' என்கிறார்கள்.

கம்பெனிக்கு ஆட்டக்காரர்களின் சம்மதம் வேண்டியிருந்தது. ஊர் ஊராக அதற்கு ஆள் பிடித்தது. பிட்ஸ்பர்க்கில் கிடைத்தவர் ஜான் குரூபர் என்ற விளையாட்டு நிருபர். வாக்னரிடம் கையெழுத்து வாங்கித் தந்தால் அவருக்கு 10 டாலர். குரூபர் வாக்னருக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: சிகரெட் பாக்கெட்டில் தன் படம் வருவதில் தனக்கு விருப்பமில்லை. அதோடு விடவில்லை வாக்னர். தான் மறுத்ததால் நண்பருக்குக் கிடைக்கவிருந்த 10 டாலர் போகக்கூடாது என்று அந்தத் தொகைக்குத் தன் கையாலேயே ஒரு செக் எழுதி உள்ளே வைத்து அனுப்பியிருந்தார். 1912இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை இதைச் செய்தியாகப் போட்டது. குரூபர் அந்தச் செக்கைக் காசாக்கவில்லை, நினைவாக வைத்துக்கொண்டார்.

மறுப்பு வருவதற்குள் கொஞ்சம் அட்டைகள் அச்சாகி வெளியே போய்விட்டன. பிறகு நிறுத்திவிட்டார்கள். இன்று உலகத்தில் தெரிந்த அளவில் ஏறக்குறைய அறுபதுதான் மிச்சம். அந்த அரிதுதான் விலை.

வாக்னர் ஏன் மறுத்தார் என்பதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. குழந்தைகள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது ஒன்று. பணம் போதவில்லை, அதனால் மறுத்தார் என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுவார்கள்: வாக்னர் புகையிலை மெல்லுபவர், சுருட்டுப் பிடிப்பவர், ஒரு சுருட்டுப் பெட்டியின் மேல் அவர் படமே வந்திருக்கிறது. உண்மைதான். ஆனால் எனக்கு அந்த 10 டாலர் செக் முக்கியமாகப் படுகிறது. பணத்துக்காக முறுக்கிக்கொண்ட மனிதன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொருவனின் கமிஷனைக் கட்டமாட்டான். அப்புறம் இன்னொன்று. 1905இலேயே லூயிவில் மட்டைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, மட்டையில் தன் கையெழுத்தைப் பொறித்து விற்க அனுமதி கொடுத்தவர் அவர். பெயருக்கு விலை உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எதற்குத் தருவது, எதற்குத் தரக்கூடாது என்று முடிவு செய்வது தன் வேலை என்றும் தெரியும். மட்டைக்குச் சரி, சிகரெட்டுக்கு வேண்டாம். அவ்வளவுதான். பாதிப் புனிதராகவும் பாதிப் பேராசைக்காரராகவும் அவரை இழுக்கும் இரண்டு கட்சியும் இந்தச் சாதாரண உரிமையைப் பார்க்காமல் தாண்டிப் போகின்றன.

'டி206' என்ற பெயரைக் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கை விரல்கள் மடங்காத நிலையிலும் அட்டைகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தார். வாக்னருக்கு அவர் தம் பட்டியலில் போட்ட விலை 50 டாலர். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய தொகை. தன் மொத்தச் சேகரிப்பையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, இரண்டே மாதத்தில் இறந்துபோனார். 30,000க்கும் மேல் பேஸ்பால் கார்டுகள். நியூ ஜெர்சியில் இருக்கும் எனக்கு அந்த அருங்காட்சியகம் ரயிலில் போய்வரும் தூரம். நான் போன நாளில் அந்தச் சேகரிப்பின் வாக்னர் வெளியே வைக்கப்பட்டிருக்கவில்லை. மாற்றி மாற்றித்தான் வைப்பார்களாம். வைத்திருந்த மற்ற அட்டைகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஓவியங்களும் சிற்பங்களும் நிறைந்த கட்டடத்தில், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய அளவில், கழுத்துவரை பட்டன் போட்ட சீருடையில் அந்த மனிதர்கள் ஆரஞ்சு, பச்சைப் பின்னணியில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, கிரெட்ஸ்கி கார்டுக்கு வருவோம். மெக்நால் வங்கிகளை ஏமாற்றிய வழக்கில் சிக்கினார், பிற்பாடு சிறைக்கும் போனார். அவருடைய பங்கையும் கிரெட்ஸ்கியே வாங்கிக்கொண்டு, 1995இல் 5 லட்சம் டாலருக்கு அட்டையை விற்றார். வாங்கியவர்கள் வால்மார்ட்டும் ஒரு கார்டு கம்பெனியும். முந்தைய வருடம் ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்தால் பேஸ்பாலே பாதியில் நின்று, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர்கூட நடக்காமல் போயிருந்தது. கார்டு வியாபாரமும் படுத்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்தக் குலுக்கல் நடத்தினார்கள். 1996இல் பரிசு விழுந்தது ஃபுளோரிடாவில் தபால் துறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு. பரிசுக்கு வரி கட்டும் வசதி அவருக்கு இல்லை. ஏலத்தில் விட்டார், 6,41,500 டாலருக்குப் போனது. 2000இல் இணைய ஏலத்தில் 12 லட்சம் டாலரைத் தாண்டியது. 2007இல் 28 லட்சம் டாலருக்கு வாங்கினார் கென் கென்ட்ரிக், அரிசோனா டயமண்ட்பேக்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளி.

இந்த விலையேற்றத்துக்கெல்லாம் அடியில் ஒரு பொய் இருந்தது. நூறு வருடப் பழைய அட்டையின் ஓரங்கள் கத்தி போல இருந்தன. மூலைகள் கூர்மை. அட்டையின் தரத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் பிஎஸ்ஏ நிறுவனம் 1991இல் தொடங்கியபோது முதலில் மதிப்பெண் போட்ட அட்டையே இதுதான். கிடைத்தது 8. ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு பல வருடம் சுற்றிக்கொண்டிருந்தது. 1985இல் 25,000 டாலர் கொடுத்து இதை வாங்கிய பில் மாஸ்ட்ரோ, பிற்பாடு அமெரிக்காவின் பெரிய ஏலக்காரராக ஆனவர், 2013இல் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இதையும் ஒப்புக்கொண்டார்: பக்கவாட்டு ஓரங்களை அவரே வெட்டியிருந்தார். 20 மாதச் சிறை.

வெட்டிய அட்டைக்கு 8 கொடுக்க முடியாது. இந்தத் தொழிலின் அடிப்படை விதி அது. ஆனாலும் இந்த அட்டையின் மதிப்பு விழுந்துவிடவில்லை. 'கிரெட்ஸ்கி' என்ற பெயர் அதைத் தாங்கிப் பிடித்தது. வீரர்கள் சேகரிப்பாளர்களாக வரும்போது சந்தையில் நடப்பது இதுதான். அவர்கள் பணம் மட்டும் கொண்டுவருவதில்லை, அவர்கள் கைபட்டதே சான்றிதழ் ஆகிவிடுகிறது. கிரெட்ஸ்கி ஏமாற்றவில்லை, ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர். அப்படியிருந்தும் தன் முகத்தைச் சிகரெட் கம்பெனிக்குத் தர மறுத்த ஒரு மனிதனின் அட்டை, இன்னொரு விளையாட்டு வீரனின் பெயரால் விற்கப்படுகிறது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

வாக்னருக்குப் பிறகு வந்தவர்களுக்கு மறுக்கும் தைரியமோ வசதியோ இருக்கவில்லை. சிகரெட் போய் பபிள்கம் வந்தது. புரூக்ளினின் டாப்ஸ் கம்பெனியும் போமன் கம்பெனியும் ஆட்டக்காரர் படங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டன. அந்த வழக்கில்தான் 1953இல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க், தன் படத்தை வெளியிடும் உரிமையை விலைக்குத் தரும் அதிகாரம் ஒரு மனிதனுக்கு உண்டு என்று எழுதினார். அமெரிக்கச் சட்டத்தில் பிரபலங்களின் பட உரிமைக்கு அடிக்கல் அந்தத் தீர்ப்பு. ஆனால் வழக்கில் மோதிய இருவரும் பபிள்கம் கம்பெனிகள். முகத்துக்குச் சொந்தக்காரர்கள் யாரும் அங்கே தரப்பாக இல்லை. மூன்று வருடத்தில் டாப்ஸ் போமனையே வாங்கிவிட்டது.

அதன் பிறகு நிலைமை இப்படி: சின்ன லீக்கில் ஆடும் பையனிடம் டாப்ஸ் ஆள் 5 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். அவன் பெரிய லீக்குக்கு வந்தால் வருடத்துக்கு 125 டாலர். பணம் வேண்டாமென்றால் பட்டியலைப் பார்த்து வீட்டுச்சாமான் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கோடி அட்டை விற்றாலும் அவ்வளவுதான். 1966இல் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற மார்வின் மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். அவர் கண்ணில் இது உடனே பட்டது. டாப்ஸ் பேச மறுத்தது. அவர் ஆட்டக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள், படத்துக்கு நிற்காதீர்கள். நிற்கவில்லை. 1969 தொகுப்பைப் புரட்டினால் இன்றும் தெரியும். நிறையப் பேருக்குப் பழைய படம், தொப்பி இல்லாத படம். அணி மாறியவர்களுக்குப் புதுப் படம் எடுக்க வழியில்லாமல் போனதன் அடையாளம் அது. 1968இல் டாப்ஸ் இறங்கிவந்தது. 125 டாலர் 250 ஆனது. 40 லட்சம் டாலர் விற்பனை வரைக்கும் 8 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் சங்கத்துக்கு உரிமைத்தொகை.

வாக்னர் தனியாக ஒரு கடிதத்தில் சொன்ன 'வேண்டாம்' அறுபது வருடம் கழித்துக் கூட்டாகச் சொல்லப்பட்டது. இன்று ஒரு வீரன் கோடி கொடுத்து இன்னொருவனின் கார்டை வாங்க முடிகிறதென்றால், அந்தக் கோடி அவன் கைக்கு வந்த பாதையில் இந்தச் சங்கமும் இருக்கிறது.

மிக்கி மேன்டில் அந்த 125 டாலர் காலத்து ஆள். நியூயார்க் யாங்கீஸின் அழகன், ஆனால் 1951 உலகத் தொடரிலேயே முழங்கால் போனவன். அவனுடைய 1952 டாப்ஸ் கார்டு, எண் 311, இன்று இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பேஸ்பால் கார்டுகளில் எல்லாவற்றுக்கும் மேல். அந்தத் தொகுப்பை வடிவமைத்த சை பெர்கர் சொன்ன கதை பிரசித்தம். பருவத்தின் கடைசியில் வந்த அட்டைகள் விற்காமல் கிடங்கில் தேங்கின. யாருக்கும் சும்மா கொடுக்கக்கூட முடியவில்லை. 1960இல் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லான்டிக்கில் கொட்டினார்கள். கொட்டியதில் மேன்டிலும் இருந்தான். மேன்டிலின் ஆண்டுச் சம்பளம் உச்சத்தில் ஒரு லட்சம் டாலர். 2022 ஆகஸ்டில் அவனுடைய 1952 கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது.

அதற்கு நான்கு வருடம் முன்னால், 2018 ஏப்ரலில், இன்னொரு 1952 மேன்டில் 28 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. பிஎஸ்ஏ 9 மதிப்பெண். விற்றவர் இவன் மேதிஸ், அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர். டென்வர் பிரான்கோஸ் அணியில் சூப்பர் பவுல் 50 ஜெயித்தவர். அவர் ஆடிய இடம் 'கார்டு' (guard, காவல்) எனப்படும் தடுப்பு வரிசை. பந்தைத் தொடாத இடம். பந்து வைத்திருப்பவனுக்காக ஒவ்வொரு முறையும் 140 கிலோ மனிதர்கள் மேல் மோதவேண்டும். பேர் சொல்லி யாரும் கத்தமாட்டார்கள். அந்த வரிசை ஆட்களுக்கு நல்ல கார்டுகூட வராது, பையன்கள் தேடுவது பந்து எறிபவனையும் ஓடுபவனையும்தான். அப்படிப்பட்ட ஒருவர் போய்ச் சேர்ந்த இடம் மேன்டில் என்பதை நான் விரும்பிப் படித்தேன்.

இந்தத் தலைமுறையை ஒன்றாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. மேதிஸ் 1981இல் பிறந்தவர். மினசோட்டாக்காரரான பந்துவீச்சாளர் பாட் நெஷெக், ஆடிக்கொண்டிருக்கும்போதே ரசிகர்களோடு தபாலில் கையெழுத்து மாற்றிக்கொண்டவர், 1980. யாங்கீஸில் ஆடிவிட்டுப் பிறகு யூட்யூபில் பழைய பாக்கெட்டுகளைப் பிரித்துக்காட்டிய ஃபில் ஹியூஸ், 1986. எல்லோரும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள். அமெரிக்காவில் கார்டு பைத்தியம் உச்சத்தில் இருந்த நேரம் அது. கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின, அதனாலேயே அந்தக் காலத்துக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் விலை கிடையாது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் ஒரு பழைய மேன்டில் கார்டோ, இன்னொரு பெரிய ஆட்டக்காரரான ஹாங்க் ஆரனின் கார்டோ இருந்திருக்கும். கைநிறையப் பாக்கெட் வாங்கினாலும் அது வராது. பணம் வந்ததும் அவர்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கை நீட்டினார்கள்.

எனக்கு இவர்களில் மனதுக்கு நெருக்கமானவர் டிமிட்ரி யங்.

பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, 13 வருடம் பெரிய லீக். 2003இல் டெட்ராய்ட் டைகர்ஸுக்காக ஆல்-ஸ்டார். அந்த வருடம் அந்த அணி 119 ஆட்டம் தோற்றது, அதில் அடித்துக்கொண்டிருந்தவர் இவர். 2005 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே 3 ஹோம்ரன். அடுத்த வருடம் எல்லாம் சரிந்தது. அணி வெளியே அனுப்பியது. அணி வெளியே அனுப்பியது. 2007இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியில் இடம் பிடித்து .320 சராசரியில் அடித்து, தேசிய லீக்கின் மீண்டெழுந்த வீரர் விருதை வாங்கினார்.

இவர் சேகரித்தது ரூக்கி கார்டுகள். அதாவது ஓர் ஆட்டக்காரனுக்கு முதன்முதலாக வந்த கார்டு. அதிலும் பிஎஸ்ஏ 10 மதிப்பெண் வாங்கியவை மட்டும். இது எவ்வளவு கடினம் என்று சொன்னால்தான் புரியும். ஐம்பதுகளில் அச்சாலையிலிருந்து வரும்போதே அட்டைகள் கோணலாகத்தான் வெட்டுப்பட்டு வரும். படம் நடுவில் இருக்காது, மைப்புள்ளி தெறித்திருக்கும். பாக்கெட் உறையின் மெழுகு பின்பக்கம் ஒட்டியிருக்கும். அதன் பிறகு பையன்கள் கையில் ரப்பர் பேண்டு, சைக்கிள் சக்கரக் கம்பி, சட்டைப்பை. 10 என்றால் நான்கு மூலையும் ஊசி முனை, படம் நடுவில், மேற்பரப்பில் கீறல் இல்லை. யாரும் தொடாமலே பல பத்தாண்டு இருந்த மாதிரி இருக்கவேண்டும்.

பேஸ்பாலில் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் இளைஞர்களுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். அடிக்கும் திறனுக்கு இவ்வளவு, ஓட்டத்துக்கு இவ்வளவு, கையின் வலுவுக்கு இவ்வளவு, பந்து தடுப்பதற்கு இவ்வளவு. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 1991 தேர்வில் யங் நாடு முழுவதற்கும் நான்காவதாக எடுக்கப்பட்ட பையன். 17 வயதிலேயே அவர் மேல் எத்தனை பேர் எத்தனை எண்களை எழுதியிருப்பார்கள்! அதே 1991இல்தான் பிஎஸ்ஏ தொடங்கியதும், கிரெட்ஸ்கி வாக்னரை வாங்கியதும். தன் உடம்பின் எடையைப் பற்றி வாழ்க்கை முழுக்கப் பத்திரிகைகளில் படித்த ஒரு மனிதர், 10க்கு 10 வாங்கிய பொருட்களை மட்டும் தேடிப்போனதில் ஆச்சரியம் எனக்கு இல்லை. அவர் அதற்காகச் சேர்த்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் என்றால் என்ன என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

2012இல் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார். மொத்தம் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. தனி அட்டைகளில் அதிக விலைக்குப் போனது ராபர்டோ கிளெமென்டேயின் 1955 டாப்ஸ். 4 லட்சத்து 32 ஆயிரம் டாலருக்கு மேல்.

கிளெமென்டே போர்ட்டோ ரிக்கோக்காரர், கறுப்பர், ஸ்பானிஷ் பேசியவர். டாட்ஜர்ஸ் அமைப்பிலிருந்து 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், வாக்னரின் அதே அணி. அவருடைய முதல் கார்டு வந்த 1955ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் வாக்னர் காலமானார். அந்த 1955 கார்டில் டாப்ஸ் 'ராபர்டோ கிளெமென்டே' என்று ஒழுங்காகத்தான் அச்சிட்டது. 1957 முதல் 'பாப் கிளெமென்டே' ஆக்கிவிட்டார்கள். வானொலி வர்ணனைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கூப்பிட்டது அப்படித்தான். அமெரிக்கக் காதுக்கு எளிதாக இருக்கட்டும் என்று. அவருக்கு அது பிடிக்கவில்லை, என் பெயர் ராபர்டோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வருடம் வருடமாக, அவர் முகத்துக்கு அடியில் அவர் ஏற்காத பெயர் கோடிக்கணக்கில் அச்சாகிப் பையன்கள் கைக்குப் போனது. ஒருவனின் முகத்தை அவனைக் கேட்காமல் விற்பதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

கிளெமென்டே மில்லரின் சங்கத்தில் பைரேட்ஸ் ஆட்டக்காரர்களின் பிரதிநிதி. அணிகள் தங்களை ஆயுள் முழுக்கக் கட்டிவைக்கும் விதியை எதிர்த்து கர்ட் ஃபிளட் வழக்குப் போட முடிவெடுத்து, 1969 டிசம்பரில் சான் ஹுவானில் நடந்த சங்கக் கூட்டத்தில் வந்து நின்றபோது ஆதரித்துப் பேசியவர்களில் அவரும் உண்டு. 1972 செப்டம்பரில் தன் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். அந்த வருடக் கடைசி நாள், பூகம்பத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார்.

பிட்ஸ்பர்க்கின் கதை இன்னும் தொடர்கிறது. 2023 முதல், பெரிய லீக்கில் முதல் ஆட்டம் ஆடும் வீரரின் சட்டைக்கையில் ஒரு சிறு முத்திரைத் துணியைத் தைத்து, ஆட்டம் முடிந்ததும் பிரித்தெடுத்து, அதை ஒரே ஒரு கார்டில் பதித்து விடுகிறார்கள். பைரேட்ஸின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் அந்தக் கார்டு 2024 கிறிஸ்துமஸ் அன்று 11 வயதுப் பையன் ஒருவனின் பாக்கெட்டில் கிடைத்தது. அதைக் கொடுத்தால் 30 வருடத்துக்கு இரண்டு சீசன் டிக்கெட் தருகிறோம் என்றது அணி. குடும்பம் ஏலத்தைத் தேர்ந்தெடுத்தது. 2025 மார்ச்சில் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலர். அந்த வருடம் ஸ்கீன்ஸின் சம்பளமே அதைவிடக் குறைவு. அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோதே 92 லட்சம் டாலர் வாங்கிய ஆள் என்பதால் அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆட்டக்காரனின் சம்பளத்தைவிட அவன் கார்டுக்கு விலை அதிகம் என்ற மேன்டில் கணக்கு இன்னும் மாறவில்லை.

என் கைக்கு எட்டும் விலையில் நான் தேடியது கிளெமென்டேயின் 1970 கார்டை. எண் 350, சாம்பல் நிற ஓரம், கீழே சாய்ந்த எழுத்தில் பெயர். சங்கம் ஜெயித்து இரண்டு வருடம் கழித்து வந்த தொகுப்பு அது. 'பாப்' போய் மறுபடி 'ராபர்டோ' என்று அச்சானது அதில்தான். பக்கத்து ஊர்க் கார்டு கடையில் கிடைத்தது. ஒரு மூலை மடங்கியிருக்கிறது, நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. கடைக்காரர் மதிப்பெண்ணுக்கு அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.